சொந்த வீடு இப்பவே வாங்கிடலாமா, இல்ல இன்னும் ரெண்டு வருஷம் வாடகையிலயே ஓட்டலாமா? (சென்னை, சேலையூர் - ராஜகீழ்ப்பாக்கம் - மாடம்பாக்கம் பக்கம்)

சேலையூர்க்காரன்:

வணக்கம் மக்களே. இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவ. கொஞ்சம் நீளமா போகும் மன்னிச்சுக்கோங்க.

எனக்கு 36, ஓஎம்ஆர்ல ஐடி வேலை, வீட்டுக்காரம்மா ஸ்கூல் டீச்சர், ரெண்டு பேருக்கும் சேர்த்து கைக்கு 1.35 லட்சம் வருது. பெரியவ ரெண்டாங்கிளாஸ், சின்னவனுக்கு மூணு வயசு. சேலையூர்ல 2 பிஹெச்கே, வாடகை 19,000. இத்தனை நாள் நிம்மதியாத்தான் இருந்தோம், இப்ப ஹவுஸ் ஓனர் அவங்க பையன் கல்யாணம் ஆகி வரான் ஏப்ரல்ல காலி பண்ணிக் குடுங்கன்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு ஆரம்பிச்சது வீட்ல இந்தப் பேச்சு.

கைல 22 லட்சம் இருக்கு (எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட், எல்லாம் சேர்த்து, நகை சேர்க்கல). ரெண்டு வீடு பார்த்திருக்கோம். ஒண்ணு ராஜகீழ்ப்பாக்கத்துல 8 வருஷம் பழைய 2 பிஹெச்கே, ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, 68 லட்சம் சொல்றாங்க, ஓனர் துபாய்ல இருக்காரு, இங்க மச்சான் பேர்ல பவர் (அவருக்குப் பதிலா கையெழுத்துப் போடுற அதிகாரம்). இன்னொண்ணு மாடம்பாக்கத்துல புதுசா கட்டிட்டு இருக்கிற 3 பிஹெச்கே, 82 லட்சம், கைக்கு வர ரெண்டு வருஷம் ஆகும்னு பில்டர் சொல்றாரு. அப்பா அம்மா கும்பகோணத்துல இருக்காங்க, அப்பாவுக்கு 68, இன்னும் மூணு நாலு வருஷத்துல எங்ககூட வந்துடுவாங்கன்னு நினைச்சுத்தான் மூணாவது ரூம். மாமனார் வேற இது எதுவும் வேணாம் கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு மனை வாங்கிப் போடுங்க மாப்ள அப்புறமா கட்டிக்கலாம்னு ஒவ்வொரு போன்லயும் சொல்றாரு.

விக்கிற எண்ணம் இல்ல, பசங்க காலேஜ் முடிக்கிற வரைக்கும் இருக்கப் போற வீடு. விலை இறங்குமா, வட்டி இறங்குமான்னு காத்திருக்கலாமா, இல்ல எப்பவா இருந்தாலும் வாங்கத்தானே போறோம்னு இப்பவே குதிச்சிடலாமா?

---

வட்டிக்கணக்கு:

ப்ரோ முதல்ல 68, 82ங்கிற நம்பரை மறந்துடுங்க, அது வீட்டோட விலை, உங்க கைல இருந்து போறது வேற.

மாடம்பாக்கம் வீடு எடுத்துக்கலாம். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் லோன்னா பேங்க் வீட்டு மதிப்புல 80%க்கு மேல தரக்கூடாது, இது ரிசர்வ் பேங்க் ரூல், அந்த மதிப்புல பத்திரச் செலவைச் சேர்க்க மாட்டாங்க. அப்ப லோன் அதிகபட்சம் 65.6 லட்சம், நீங்க போட வேண்டியது 16.4. கட்டி முடிக்காத வீடுன்னா ஜிஎஸ்டி 5%, அது 4.1 லட்சம் (82க்குள்ள அடக்கமா தனியான்னு பில்டர்கிட்ட எழுத்துல வாங்குங்க). புது ஃபிளாட் முதல் விற்பனைக்கு 50 லட்சத்துல இருந்து 3 கோடி வரைக்கும் ஸ்டாம்ப் டூட்டி 5, ரெஜிஸ்ட்ரேஷன் 2, மொத்தம் 7%, அது 5.74. கூட்டிப் பாருங்க, 26 லட்சம் தாண்டிடுச்சு, இன்னும் ஒரு கப்போர்டு கூட அடிக்கல. உங்ககிட்ட 22. மீதி எங்க இருந்து வரும்? பர்சனல் லோன், நகை, மாமனார். இதுல எதுவுமே எனக்குப் பிடிக்கல.

ராஜகீழ்ப்பாக்கம் வீடு ரீசேல், ஜிஎஸ்டி கிடையாது, ஆனா பத்திரம் 7+2 மொத்தம் 9%, அது 6.12. உங்க பங்கு 13.6. மொத்தம் 19.7 லட்சம். முடியும், ஆனா அடுத்த மாசம் வேலை போச்சுன்னா ரெண்டு குழந்தையோட கைல ரெண்டு லட்சத்தோட நிப்பீங்க. ஐடில இருக்கீங்க, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இஎம்ஐ 54.4 லட்சத்துக்கு 20 வருஷம் 8%னா சுமார் 45,500. அதுல ஆரம்பத்துல மாசம் 36,000 வெறும் வட்டி. நீங்க குடுக்கிற வாடகை 19,000. வாடகை குடுக்கிறது வேஸ்ட்னு சொல்றவங்க இந்த 36,000த்தை ஏன் வேஸ்ட்னு சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. வித்தியாசத்தை ஒழுங்கா எஸ்ஐபி (மாசா மாசம் மியூச்சுவல் ஃபண்ட்ல) போட்டுட்டு ரெண்டு மூணு வருஷம் பொறுத்து வாங்குங்க.

வட்டிக்காகக் காத்திருக்கிறதுல பிரயோஜனம் இல்ல. 2019 அக்டோபர்ல இருந்து பேங்க்ல எடுக்கிற ஃப்ளோட்டிங் (வட்டி மாறிட்டே இருக்கிற) லோன் எல்லாம் வெளி பெஞ்ச்மார்க்கோட, அதாவது பெரும்பாலும் ரெப்போவோட (ரிசர்வ் பேங்க் மத்த பேங்க்குக்குக் கடன் குடுக்கிற வட்டி) கட்டினதுதான், இன்னிக்கு எடுத்தாலும் நாளைக்கு இறங்கினா உங்களுக்கும் இறங்கும், ஏறினா ஏறும். 2020 மே மாசம் ரெப்போ 4%க்கு வந்தப்ப லோன் 7%க்குக் கீழ கிடைச்சுது, எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் ஓடிப் போய் வாங்கினாங்க. 50 லட்சம் 6.75%ல 20 வருஷம்னா இஎம்ஐ 38,000. 2023 பிப்ரவரில ரெப்போ 6.5 ஆச்சு, லோன் 9% ஆச்சு, 50 லட்சத்துக்கு 9%னா மாச வட்டி மட்டும் 37,500, யோசிங்க, கட்டுறது எல்லாம் வட்டிக்கே போயிடும், அசல் அசையாது. பேங்க்காரன் சத்தமில்லாம வருஷத்தை நீட்டி விட்டான். அப்புறம்தான் அந்த ஆகஸ்ட்ல இஎம்ஐ ஏத்திக்கிறீங்களா, வருஷத்தை நீட்டிக்கிறீங்களா, ஃபிக்ஸட்டுக்கு மாறிக்கிறீங்களான்னு கேட்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லுச்சு. 2025ல படிப்படியா இறங்கி 5.25 ஆச்சு. அதனால 8%க்குக் கணக்குப் போடாதீங்க, 10% ஆனா கட்ட முடியுமான்னு போட்டுப் பாருங்க. முடியும்னா இன்னிக்கே வாங்கலாம், முடியாதுன்னா 7%க்குக் கிடைச்சாலும் வாங்காதீங்க.

---

செம்பாக்கம் அக்கா:

தம்பி வட்டிக்கணக்கு சொல்றது எல்லாம் கரெக்ட்தான் கணக்குல, ஆனா அவர் குடும்பத்தோட வாடகை வீடு மாறிப் பார்த்திருக்காரான்னு தெரியல. நாங்க 11 மாச அக்ரிமென்ட்லயே பொண்ண வளர்த்தோம், ஒவ்வொரு தடவையும் புது வீடு, புது வேன், பழைய சிநேகிதி போச்சுன்னு அழுகை, ஆணி அடிக்காதே, சத்தம் போடாதே, சொந்தக்காரங்க வந்தா எத்தனை நாள் இருப்பாங்கன்னு ஓனரம்மா கேள்வி. இதுக்கெல்லாம் எக்செல் ஷீட்ல ஒரு கட்டம் இருக்கா?

உங்க பெரிய பொண்ணு ரெண்டாங்கிளாஸ். ஆறாங்கிளாஸுக்குள்ள ஒரு இடத்துல உக்காந்துடுங்க, அதான் நான் சொல்லுவேன். அதுக்கப்புறம் ஸ்கூல் மாத்துறது பசங்களுக்கு ரொம்பக் கஷ்டம், பத்தாவது பன்னெண்டாவது வந்துட்டா மாத்தவே முடியாது. அப்படிப் பார்த்தா உங்களுக்கு இன்னும் மூணு நாலு வருஷம் இருக்கு, ஏப்ரல்ல கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுற மாதிரி முடிவெடுக்க வேண்டியதில்ல. ஆனா பத்து வருஷம் பொறுக்கலாம்னும் நினைக்காதீங்க.

இன்னொண்ணு கேக்கிறேன் தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா அம்மா வருவாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க, அவங்ககிட்ட கேட்டீங்களா? எங்க மாமனார் மாமியாருக்குன்னே மூணாவது பெட்ரூம் வச்சு வாங்கினோம், வெஸ்டர்ன் டாய்லெட், பிடிச்சுக்க கம்பி எல்லாம் போட்டு. பொங்கலுக்கு வருவாங்க, மூணாம் நாள் ஊர்ல மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவாங்கன்னு கிளம்பிடுவாங்க. அந்த ரூம் இப்ப துணி காயப்போடுற ரூம். 14 லட்சத்துக்குத் துணி காயுது எங்க வீட்ல 😄

---

முடிச்சூர் மணி:

யாருமே தண்ணியப் பத்திப் பேசலையே. 2015 டிசம்பர்ல எங்க தெருவுல போட் விட்டாங்க சார். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப மறுபடியும் கீழ் வீடு எல்லாம் தண்ணி. நடுவுல எட்டு வருஷம் இருந்துச்சே, அந்த எட்டு வருஷத்துல இங்க வீடு வாங்கினவங்க எல்லாரும் பிப்ரவரி மார்ச்ல வந்து பார்த்தவங்கதான், ரோடு காய்ஞ்சு, மரம் எல்லாம் பச்சையா, புரோக்கர் ஏரி வியூன்னு காட்டுவான்.

நீங்க பாக்கிற பக்கம் பூரா ஏரி. சேலையூர் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி. செம்பாக்கம் ஏரித் தண்ணி நன்மங்கலம் வழியா பள்ளிக்கரணைக்குத்தான் போய் ஆகணும், அது போற வழியில யார் வீடு இருக்குதோ அவங்க வீட்டுக்குள்ளயும் போகும். அதனால எப்ப வாங்கலாம்னு கேட்டீங்கன்னா என் பதில் சிம்பிள், ரெண்டு மாசம் பார்க்காம வாங்காதீங்க. நவம்பர்ல ஒரு நல்ல மழை விட்ட மறுநாள் காலைல போய் நில்லுங்க, மே மாசம் ஒரு தடவ போய் வாரத்துக்கு எத்தனை லாரி தண்ணி வருது, மெயின்டனன்ஸ்ல அதுக்கு எவ்வளவு போகுதுன்னு கேளுங்க. பாதாளச் சாக்கடை இருக்கா, இல்ல செப்டிக் டேங்க்கா, மழையில டேங்க் நிரம்பினா லாரி வருமா, இதையும் கேளுங்க. புரோக்கர்கிட்ட கேக்காதீங்க. தெருமுனையில இஸ்திரி போடுறவரு, பால் போடுறவரு, எதிர் வீட்டு வாட்ச்மேன், அவங்ககிட்ட கேளுங்க. 2023ல படி எத்தனை முங்குச்சுன்னு கரெக்டா சொல்லுவாங்க. ரோடு மேல ரோடு போட்டு வீடு பள்ளத்துக்குப் போயிருக்கான்னும் பாருங்க, ரெண்டாவது மாடின்னு சும்மா இருக்காதீங்க, மோட்டாரும் ஈபி பாக்ஸும் கீழதான் இருக்கும்.

---

சேலையூர்க்காரன்:

அக்கா, நீங்க சொன்னதைப் படிச்சிட்டு நேத்து நைட் அப்பாகிட்ட கேட்டேன். காவேரில குளிச்சிட்டு கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வந்தாத்தான் எனக்கு நாள் ஓடும், மெட்ராஸ்ல நாலு சுவத்துக்குள்ள என்னடா பண்ணப் போறேன்னு கேட்டுட்டாரு. அம்மா மட்டும் போனை வாங்கி மெதுவா, முடியாமப் போனா வருவோம்பா, அப்ப மாடி ஏற முடியாதுன்னு சொன்னாங்க.

அப்ப 3 பிஹெச்கே தேவையே இல்லையோன்னு தோணுது, ஆனா லிஃப்ட் கண்டிப்பா வேணும்போல. மாமனார் மனை ஐடியா பத்தி யாராவது சொல்லுங்களேன். ராஜகீழ்ப்பாக்கம் ஓனர் சைடுல பத்திரத்துல 50 மட்டும் காட்டிக்கலாம், மீதி கைல குடுங்க, உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்தானேன்னு கேக்கிறாங்க, இது வழக்கம்தானா?

---

பத்திரம் பார்த்தசாரதி:

வழக்கம்தான், ஆனா செய்யாதீங்க. 50க்குப் பத்திரம் போட்டா பேங்க் லோனும் 50ல 80% அதாவது 40தான், அப்ப மீதிக்கு நீங்க எங்க போவீங்க? நிலம் வீடு விஷயத்துல 20,000 இல்ல அதுக்கு மேல ரொக்கமா அட்வான்ஸ் வாங்கினா அதே தொகை அபராதம் போட வருமான வரிச் சட்டத்துல இடம் இருக்கு. அபராதம் வாங்கினவருக்குத்தான், ஆனா எங்க இருந்து வந்துச்சுன்னு நோட்டீஸ் உங்களுக்கும் வரும். நாளைக்கு நீங்க விக்கும்போது வாங்கின விலை 50ன்னுதான் கணக்கு, லாபம் பெருசா தெரியும், வரியும் அப்படியே.

அப்புறம் அந்த பவர். பவர் குடுத்தவரு உயிரோட இருக்காருன்னு லைஃப் சர்டிபிகேட் கேட்பாங்க ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. பவர் பத்திரத்துல விக்கிற அதிகாரம் இருக்கா, வெறும் பராமரிக்கிற அதிகாரமான்னு வரி வரியா படிங்க. என்னால முடிஞ்சா ஓனரை லீவுல வந்து நேர்ல கையெழுத்துப் போடச் சொல்லுவேன், இல்ல குறைஞ்சது வீடியோ கால்ல விலையை அவர் வாயால கேட்பேன், மச்சான் 68 சொல்றாரு ஓனர் 60 சொல்லியிருப்பாரு, நிறையப் பார்த்திருக்கேன். 50 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா வாங்குறவர் விலையில இருந்து 1% டிடிஎஸ் (விக்கிறவரோட வரி) பிடிச்சுக் கட்டணும், ஆனா விக்கிறவர் என்ஆர்ஐயா (வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்) இருந்தா இந்த 1% கணக்கு கிடையாது, ரொம்ப அதிகமா பிடிக்கணும். பிடிக்காம முழுப் பணத்தையும் குடுத்துட்டா வரித்துறை உங்களைத்தான் கேக்கும். இதுக்கு ஒரு ஆடிட்டரைப் பார்த்துடுங்க.

டாகுமென்ட் பக்கம்: வில்லங்கம் 1975ல இருந்து ஆன்லைன்லயே பாக்கலாம், ஆனா வில்லங்கத்துல வராத விஷயமும் இருக்கு, பதிவு பண்ணாத உயில், வாரிசுத் தகராறு, கோர்ட் கேஸ். அதனால மூலப்பத்திரத்துல இருந்து கை மாறின ஒவ்வொரு பத்திரமும் வேணும். நடுவுல யாராவது செத்துப்போய் வாரிசுங்க வித்திருந்தா பொண்ணுங்க கையெழுத்து இருக்கான்னு பாருங்க, நம்ம ஊர்ல அங்கதான் இடிக்கும். யூடிஎஸ் (மனையில உங்க வீட்டுக்குச் சேர்ற பங்கு) எவ்வளவு, எல்லா வீட்டு யூடிஎஸ்ஸையும் கூட்டினா மனை அளவுக்குச் சரியா வருதா, பிளான்ல இருக்கிற மாடிதான் நிக்குதா, இதெல்லாம் வக்கீல் பாக்கணும். பேங்க் லீகல் ஒப்பீனியன் குடுத்துட்டாங்களேன்னு சும்மா இருக்காதீங்க, அது பேங்க்குக்காகப் பாக்கிறது, உங்களுக்காக ஒருத்தர் தனியா பாக்கட்டும்.

மாடம்பாக்கம்னா ரெரா (பில்டருங்களைக் கண்காணிக்கிற அரசு ஆணையம்) நம்பர் போட்டு அவங்க தளத்துல பாருங்க, பில்டர் அங்க எந்தத் தேதி குடுத்திருக்காரோ அதுதான் தேதி, வாயால ரெண்டு வருஷம்னு சொல்றது இல்ல. அந்தத் தேதிக்கு வீடு தரலைன்னா வட்டியோட பணத்தைத் திருப்பிக் கேக்க உரிமை இருக்கு, கேட்ட உடனே கிடைக்குமான்னா அது வேற கதை. அதுவரைக்கும் வாடகையும் கட்டணும், பில்டருக்குப் போன தொகைக்கு வட்டியும் கட்டணும், இது ரெண்டையும் சேர்த்து யாருமே கணக்குப் பண்றதில்ல.

---

கூடுவாஞ்சேரி குமார்:

மனைக்கு நான் சொல்றேன். மாமனார் சொல்றது அந்தக் காலத்துக் கணக்கு, அவங்க காலத்துல மனை வாங்கினவங்க எல்லாரும் ஜெயிச்சாங்க அதனால அப்படித்தான் சொல்லுவாங்க, தப்பு சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு வேணும்ங்கிறது குடியிருக்க வீடு. மனை வாங்கினா 22 லட்சம் அதுல போய் முடங்கிடும், வாடகை தொடரும், கட்ட ஆரம்பிக்கும்போது மறுபடியும் முதல்ல இருந்து பணம் சேர்க்கணும். எங்க பக்கம் சதுர அடிக்கு 2500க்குக் கீழ உருப்படியான கான்ட்ராக்டர் யாரும் வரல, 1000 சதுர அடின்னாலும் 25 லட்சம், காம்பவுண்டு போர் எல்லாம் தனி.

வாங்கியே தீருவேன்னா சிஎம்டிஏ இல்ல டிடிசிபி (மனைக்கு அங்கீகாரம் குடுக்கிற அரசு அமைப்புங்க) அப்ரூவ்டு மட்டும். 2016ல ஹைகோர்ட் தடை போட்டு அங்கீகாரமில்லாத மனை பதிவு எல்லாம் நின்னுபோச்சே, அப்புறம் 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிவான மனைகளுக்குத்தான் வரன்முறை வந்துச்சு. பஞ்சாயத்து அப்ரூவல்னு சொன்னா அப்படியே பைக்கைத் திருப்பிட்டு வந்துடுங்க.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு 2023 கடைசியில திறந்ததுல இருந்து எங்க பக்கம் புரோக்கர் எல்லாம் மெட்ரோ வருது மெட்ரோ வருதுன்னு விலை ஏத்திட்டு இருக்காங்க. ஏர்போர்ட்ல இருந்து இங்க வரைக்கும் மெட்ரோ வரட்டும், அப்ப விலையைப் பேசலாம். வராத ரயிலுக்கு இப்பவே டிக்கெட் காசு குடுக்காதீங்க.

---

வட்டிக்கணக்கு:

@செம்பாக்கம் அக்கா, வீடு மாறியிருக்கேன்க்கா, குழந்தையோடவே. அதனால நீங்க சொன்ன ஆறாங்கிளாஸ் கணக்கை ஒத்துக்கிறேன், என் மூணு வருஷமும் அதுக்குள்ள அடங்கிடுது. ஆனா ஏப்ரலுக்குள்ள வாங்கணும்ங்கிற அவசரம்தான் தப்பு, ஓனர் காலி பண்ணச் சொன்னது வாடகை வீடு தேட வேண்டிய காரணம், 60 லட்சம் கடன் வாங்குற காரணம் இல்ல.

இன்னொண்ணு, ஹோம் லோன் எடுத்தா டாக்ஸ் மிச்சம்னு யாராவது சொன்னா எந்த ரெஜிம்னு (பழைய வருமான வரி முறையா, புதுசா) கேளுங்க. குடியிருக்கிற வீட்டுக்கு 2 லட்சம் வட்டிக் கழிவு பழைய ரெஜிம்ல மட்டும்தான். நிறையப் பேர் புதுசுக்கு மாறிட்டு இன்னமும் அந்தக் கழிவை நம்பிட்டு இருக்காங்க.

---

கோவைவாசி:

நானு சென்னை இல்லீங்க, ஆனாலும் ஒரு யோசனை. எந்த ஏரியாவுல வாங்கோணும்னு நினைக்கறீங்களோ அங்கயே, முடிஞ்சா அதே தெருவுலயே, லிஃப்ட் இருக்கற அபார்ட்மென்ட்ல வாடகைக்குப் போயிருங்க. முடிச்சூர் மணி சொன்ன மே மாசமும் நவம்பரும் அங்கயே இருந்து பாத்த மாதிரி ஆச்சு, புள்ளைங்க ஸ்கூலும் மாறாது. அக்கம்பக்கம் பழகினா புரோக்கர் இல்லாமயே வீடு வருமுங்க, நாங்க அப்படித்தான் வாங்கினோம், கீழ் வீட்டுக்காரரு பையங்கூட அமெரிக்கா போறேன்னு விலை சொல்லும்போது மொத ஆள் நாங்கதான். இந்த ஒரு வருசத்துல 45,500 இஎம்ஐ கட்டற மாதிரி நெனச்சு, வாடகை போக மீதியத் தனி அக்கவுன்ட்ல போட்டு வெய்ங்க. போட முடிஞ்சா வீடு வாங்கற சக்தி இருக்குன்னு அர்த்தம், நடுவுல எடுத்துச் செலவு பண்ணீட்டீங்கன்னா அதுவும் தெரிஞ்சுரும்ல.

விலை பேசறது ஆடி மாசத்துல பேசுங்க. ஆடியில யாரும் பத்திரம் போட மாட்டாங்க, அட்வான்ஸ் குடுக்கவே யோசிப்பாங்க, விக்கறவங்க கொஞ்சம் எறங்கி வருவாங்க. ஆவணி பொறந்ததும் ரெஜிஸ்டர் பண்ணிக்கலாமுங்க.

---

சேலையூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல.

துபாய் ஓனர் வீட்டை விட்டாச்சு. மச்சான்கிட்ட முழுத் தொகையும் பேங்க்லதான், ஓனர்கிட்ட ஒரு தடவ பேசணும்னு சொன்னேன், அதுக்கப்புறம் போனே எடுக்கல, அதுவே பதில்னு நினைச்சுக்கிட்டேன். மாடம்பாக்கம் ரெரால பார்த்தா முடியுற தேதி பில்டர் சொன்னதை விட ஒரு வருஷம் தள்ளி இருக்கு. 8%க்கே 45,500 கொஞ்சம் இழுக்குது, வட்டிக்கணக்கு ப்ரோ சொன்ன மாதிரி 10% போட்டா 52,500 வருது, சின்னவன் ஸ்கூல் ஃபீஸும் சேர்ந்தா கண்டிப்பா முடியாது.

அதனால ராஜகீழ்ப்பாக்கத்துலயே லிஃப்ட் இருக்கிற அபார்ட்மென்ட்ல வாடகைக்குப் பார்க்கிறோம், 23,000 கேக்கிறாங்க, பொண்ணு ஸ்கூல் வேன் அந்தத் தெருவுக்கே வருது. மாமனாருக்கு இன்னும் சொல்லல, அது வீட்டம்மா டிபார்ட்மென்ட்.

மணி சார், அந்தத் தெரு இஸ்திரிக்காரர்கிட்ட கேட்டேன், 2023ல ரெண்டு படி வரைக்கும் வந்துச்சாம், உள்ள வரலையாம். ரெண்டு படின்னா ஓகேவா?

---

முடிச்சூர் மணி:

படி எவ்ளோ உயரம்னு அளந்துட்டு வாங்க சார். அப்படியே அந்த வீட்டு மோட்டார் எந்த உயரத்துல இருக்குன்னும் பாருங்க. 2015ல எவ்ளோன்னு அவர்கிட்ட இன்னொரு தடவ கேளுங்க, 2023 மட்டும் கேட்டுட்டு வந்துட்டீங்க.